சகோதர நகரம்: கையெழுத்து போட்டாச்சு சரி... காசு யார் போடுறது?

சென்னைக்கு அமெரிக்காவில் இரண்டு சகோதர நகரங்கள் இருக்கின்றன. ஒன்று, கொலராடோ மாநிலத்தின் டென்வர். அந்த ஒப்பந்தம் 1984-ல் போடப்பட்டது. அப்போது நம்ம ஊரின் பெயர் மெட்ராஸ். இன்னொன்று, டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ. இந்த உறவு 2008-ல், மா.சுப்பிரமணியன் சென்னை மேயராக இருந்த காலத்தில் வந்தது. இவற்றுக்கெல்லாம் முன்பே, 1960களில், சோவியத் யூனியனின் வோல்கோகிராட் நமக்கு உறவாகிவிட்டது.

ஆபீஸில் பக்கத்து சீட் நண்பரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் "அப்படியா?" என்றுதான் பதில் வரும்.

நாற்பது வருஷத்துக்கு மேலான உறவு ஊர்க்காரர்களுக்கே தெரியவில்லை என்றால், அது தேவைதானா? தேவை என்றால் அதற்கான செலவை யார் ஏற்பது? மழை பெய்தால் தண்ணீர் நிற்கும் ஊரில், வெளிநாட்டு உறவுக்கு வரிப்பணத்தை எடுக்கலாமா?

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்தத் திட்டம் நகரத்துக்குப் பயன்படும். செலவும் குறைவுதான். ஆனால் பட்ஜெட்டில் ஒரு தொகை, பொறுப்புக்கு ஒரு ஆள், வருஷத்துக்கு ஒரு அறிக்கை என்ற மூன்றும் இல்லாமல் புதிதாக ஒரு நகரத்தோடும் கையெழுத்து போடக் கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

சகோதர நகரம்னா என்ன?

இரண்டு நாடுகளில் உள்ள இரண்டு நகரங்கள், "நாம் நீண்ட கால நண்பர்கள்" என்று எழுத்துபூர்வமாக ஒப்புக்கொள்வதுதான் சகோதர நகர உறவு. அமெரிக்காவில் 'சிஸ்டர் சிட்டி' என்பார்கள். பிரிட்டனில் 'ட்வின் டவுன்'. கல்வி, கலாசாரம், வணிகம், நகர நிர்வாகம் ஆகியவற்றில் பரஸ்பரம் ஒத்துழைப்போம் என்று அதில் எழுதியிருக்கும். இது இரண்டு நாடுகள் போடும் உடன்படிக்கை மாதிரி கிடையாது. ஒரு நகரம் எதுவும் செய்யாமல் விட்டால், இன்னொரு நகரம் கோர்ட்டுக்குப் போக முடியாது. செய்தால் உண்டு, இல்லையென்றால் பேப்பரோடு சரி.

இதன் தொடக்கம் போரில் இருக்கிறது. 1940 நவம்பரில் ஜெர்மன் விமானங்கள் பிரிட்டனின் கவென்ட்ரி நகரத்தைக் குண்டு வீசி அழித்தன. இரண்டு வருஷம் கழித்து ஸ்டாலின்கிராட் அதைவிடப் பெரிய அழிவைச் சந்தித்தது. கவென்ட்ரியைச் சேர்ந்த 830 பெண்கள் ஆளுக்கு ஆறு பென்ஸ் போட்டு, ஒரு மேஜை விரிப்பில் தங்கள் பெயர்களை நூலால் தைத்து, சேர்ந்த பணத்தோடு ஸ்டாலின்கிராடுக்கு அனுப்பினார்கள். 1944-ல் இரண்டு நகரங்களும் முறைப்படி உறவு கொண்டன. அந்த ஸ்டாலின்கிராட்தான் இன்றைய வோல்கோகிராட். அதாவது, சென்னையின் பழைய சகோதரி.

போருக்குப் பிறகு இது ஐரோப்பா முழுக்கப் பரவியது. 1950-ல் ஜெர்மனியின் லுட்விக்ஸ்பர்க் நகரமும் பிரான்ஸின் மோம்பெலியார் நகரமும் கைகோத்தன. அதற்கு ஐந்து வருஷம் முன்புதான் இரண்டு நாடுகளும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்தன. இன்று அந்த இரு நாடுகளுக்கு இடையே மட்டும் இப்படிச் சுமார் 2,200 ஊர் உறவுகள் இருக்கின்றன. அமெரிக்காவில் அதிபர் ஐசனோவர் 1956-ல் வெள்ளை மாளிகையில் ஒரு மாநாடு நடத்தி, "மக்களோடு மக்கள்" என்ற திட்டத்தைத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 'சிஸ்டர் சிட்டீஸ் இன்டர்நேஷனல்' என்ற அமைப்பு.

தமிழர்களுக்கு இது சென்னையோடு முடிந்துபோகும் விஷயமும் இல்லை. கோயம்புத்தூருக்கு அமெரிக்காவின் டொலீடோவும் ஜெர்மனியின் எஸ்லிங்கனும் உறவு. யாழ்ப்பாணத்துக்கு 2016 முதல் லண்டனின் கிங்ஸ்டன் உறவு.

சரி, காசு யார் கொடுக்கிறாங்க?

இந்தக் கேள்விக்கு உலகம் முழுக்க மூன்று விதமான பதில்கள் இருக்கின்றன. அவற்றில் இரண்டைச் சென்னையின் இரண்டு அமெரிக்க உறவுகளிலேயே பார்க்கலாம்.

முதல் வகை, டென்வர். அங்கே இந்த வேலையைச் செய்வது ஒரு லாப நோக்கமற்ற அமைப்பு. ஒவ்வொரு சகோதர நகரத்துக்கும் தனித்தனித் தன்னார்வக் குழு. சென்னைக்கும் ஒன்று. உறுப்பினர் சந்தா, நன்கொடை, நிகழ்ச்சிகள் மூலம் பணம் திரட்டுகிறார்கள். இதற்கு ஒரு பரம்பரையும் உண்டு. டென்வரின் முதல் உறவு பிரான்ஸின் ப்ரெஸ்ட் துறைமுக நகரம், 1948. போரில் தரைமட்டமாகியிருந்த அந்த ஊரைப் பார்த்துவிட்டு வந்த ஒரு டென்வர் பள்ளி ஆசிரியை, தன் மாணவர்களிடம் சில்லறை சேர்க்கச் சொன்னார். 32,000 டாலர் சேர்ந்தது. ப்ரெஸ்ட் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவைத் திரும்பக் கட்ட அந்தப் பணம் போனது. இன்றைக்கு டென்வரில் சகோதர நகரங்களின் பெயரில் பூங்காக்களே இருக்கின்றன.

இந்த வகையில் நல்லது என்னவென்றால், மேயர் மாறினாலும் குழு மாறாது. நகரத்தின் கஜானாவுக்குப் பெரிய சுமை இல்லை. சிக்கல் என்னவென்றால், எல்லாம் ஒரு சிலரின் ஆர்வத்தில் ஓடுகிறது. அவர்களுக்கு வயதானால் குழுவுக்கும் வயதாகிவிடும்.

இரண்டாவது வகை, சான் அன்டோனியோ. அங்கே சர்வதேச உறவுகள் நகர நிர்வாகத்துக்குள்ளேயே ஒரு பிரிவு. சம்பளம் வாங்கும் ஊழியர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டு முதலீடு, வணிகம் ஆகியவற்றோடு சேர்த்தே சகோதர நகரங்களையும் பார்க்கிறார்கள். அதனால் உறவு கண்ணில் படும் இடத்தில் இருக்கிறது. அந்த ஊர்த் தாவரவியல் பூங்காவில் ஜப்பானின் குமமோட்டோ தந்த தோட்டம் இருக்கிறது. இன்னொரு பூங்காவில் தென்கொரியாவின் குவாங்ஜு நகரக் கைவினைஞர்கள் கட்டிய மண்டபம். சென்னையோடு ஒப்பந்தம் போட்டதை ஒட்டி, 2009 முதல் நகர நிர்வாகமும் அங்குள்ள இந்தியர்களும் சேர்ந்து தீபாவளி கொண்டாடுகிறார்கள். நகரின் நடுவே ஓடும் ஆற்றில் அகல் விளக்குகளை மிதக்க விடுகிறார்கள்.

இதில் நல்லது, மெயில் அனுப்பினால் பதில் போட ஒரு ஆள் இருப்பார். சிக்கல், நிதி நெருக்கடி வந்தால் கைவைக்கப்படும் முதல் இடங்களில் இதுவும் ஒன்று. குப்பை லாரியை நிறுத்த முடியாது, சர்வதேசப் பிரிவைச் சுருக்கலாம் இல்லையா?

மூன்றாவது வகை, ஐரோப்பா. ஐரோப்பிய ஒன்றியமே இதற்கு மானியம் தருகிறது. 2021 முதல் 2027 வரைக்கான அதன் குடிமக்கள் நலத் திட்டம் ஒன்றில், ஊர்களின் உறவுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் "நாங்கள் நண்பர்கள்" என்று சொன்னால் மட்டும் பணம் வராது. என்ன செய்யப் போகிறோம், எத்தனை பேர் பங்கேற்பார்கள் என்று விண்ணப்பம் போட வேண்டும். மற்ற ஊர்களோடு போட்டி போட வேண்டும். முடிந்தபின் அறிக்கை தர வேண்டும். கணக்கு தெளிவாக இருக்கும். சின்ன ஊர்களுக்குத்தான் பேப்பர் வேலை பெரும் பாடு.

மூன்று வகையிலும் பொதுவான ஒன்றைக் கவனியுங்கள். பணம் கொஞ்சமாக இருந்தாலும், அது எங்கிருந்து வருகிறது, யார் பொறுப்பு என்பது தெளிவாக இருக்கிறது. ஆபீஸில் யாருக்கும் அசைன் செய்யப்படாத டிக்கெட் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். பொறுப்பாளர் இல்லாத நகர உறவுக்கும் அதே கதிதான்.

இதனால என்ன லாபம்?

முதலில் ஒரு மாஸ்க் கதை. 2020-ன் தொடக்கத்தில் சீனாவில் கொரோனா பரவியபோது, ஜப்பானின் டொயோகாவா என்ற சின்ன நகரம், தன்னோடு உறவு வைத்திருந்த வூஷி நகரத்துக்குச் சுமார் 4,500 மாஸ்க்குகளை அனுப்பியது. சில வாரங்களில் நிலைமை தலைகீழானது. டொயோகாவாவில் மாஸ்க் தட்டுப்பாடு. "மிச்சம் இருந்தால் திருப்பித் தர முடியுமா?" என்று கேட்டார்கள். வூஷியிலிருந்து 50,000 மாஸ்க்குகள் வந்தன. இரண்டு நாட்டு அரசுகளும் பேசி முடிவெடுக்கும்வரை யாரும் காத்திருக்கவில்லை. ஏற்கெனவே பழக்கம் இருந்தது, போன் நம்பர் இருந்தது.

2022-ல் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தபோதும் இதுதான் நடந்தது. ஜெர்மனியின் ஃப்ரைபர்க், 1989 முதல் தன் உறவு நகரமான லிவிவுக்கு நிதியும் உதவிப் பொருள்களும் திரட்டி அனுப்பியது. நியூரம்பெர்க் தன் உறவு நகரமான கார்கிவுக்கு அனுப்பியது. எந்த ஆஸ்பத்திரிக்கு என்ன தேவை, பொருளை யாரிடம் ஒப்படைப்பது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. முப்பது வருஷமாக இசைக் குழுக்களும் மாணவர்களும் போய் வந்ததை "வெட்டிச் செலவு" என்று யாராவது சொல்லியிருக்கலாம். அந்தப் போக்குவரத்தில் உண்டான பழக்கம்தான் நெருக்கடியில் கைகொடுத்தது.

ஆபத்துக் காலத்து உதவி அரிதாக வருவது. அன்றாடப் பயன் என்று பார்த்தால், ஒரே மாதிரிப் பிரச்சினை உள்ள இன்னொரு நகரத்தின் இன்ஜினீயரிடம் நேரடியாகப் பேச முடிவதுதான் பெரிய லாபம். அங்கேதான் சென்னைக்கும் சான் அன்டோனியோவுக்கும் பேச நிறைய இருக்கிறது. விஷயம்: தண்ணீர்.

இரண்டு ஊர், ஒரே தாகம்

2019 கோடையை மறந்திருக்க மாட்டீர்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. ஐடி கம்பெனிகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு வந்தது.

சான் அன்டோனியோவும் இப்படி ஒரு விளிம்பைப் பார்த்த ஊர்தான். அந்த நகரம் பல காலம் எட்வர்ட்ஸ் என்ற ஒரே நிலத்தடி நீர்ப்படுகையை நம்பி வாழ்ந்தது. நகரம் உறிஞ்ச உறிஞ்ச, படுகையிலிருந்து வரும் ஊற்றுகளும் அவற்றில் வாழும் அரிய உயிரினங்களும் ஆபத்துக்கு உள்ளாயின. 1991-ல் சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று கோர்ட்டுக்குப் போனது. 1993-ல் டெக்சாஸ் சட்டமன்றம் தனி ஆணையம் அமைக்கச் சட்டம் கொண்டுவந்தது. யார் எவ்வளவு நீர் எடுக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு வந்தது.

கட்டுப்பாடு வந்தபின் நகரம் மாற வேண்டியதாயிற்று. 1980களின் தொடக்கத்தில் அங்கே ஒரு ஆளுக்கு ஒரு நாளுக்குச் சுமார் 225 கேலன், அதாவது 850 லிட்டர் செலவானது. பிறகு அது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. கழிவுநீரைச் சுத்திகரித்துப் பூங்காக்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் தனிக் குழாயில் கொடுக்கிறார்கள். மழை நன்றாகப் பெய்யும் வருஷங்களில் எட்வர்ட்ஸ் நீரை எடுத்து, நகரின் தெற்கே இன்னொரு நிலத்தடிப் படுகைக்குள் செலுத்திச் சேமிக்கிறார்கள். வறட்சி வந்தால் வெளியே எடுக்கிறார்கள். பூமிக்கு அடியில் ஒரு ஏரி வைத்திருப்பது மாதிரி. வெயிலில் ஆவியாகிற பயம் கிடையாது.

நம்மிடம் சொல்ல ஒன்றும் இல்லையா? நிறைய இருக்கிறது. வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு சென்னையில் 2003-லேயே கட்டாயமாக்கப்பட்டது. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்குகிறோம். கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைத் தொழிற்சாலைகளுக்கு ஏற்ற தரத்தில் சுத்திகரிக்கும் நிலையங்கள் இருக்கின்றன. இவ்வளவு பெரிய ஊரில் இதையெல்லாம் நடத்திப் பார்த்தபோது எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்ற அனுபவம் மற்ற ஊர்களுக்கும் தேவைப்படும்.

"இதையெல்லாம் ஒரு கன்சல்டன்ட்டிடம் கேட்டால் ஆகாதா?" என்று கேட்கலாம். கேட்கலாம், பில் வரும். அதைவிட முக்கியம், கன்சல்டன்ட் தன் தோல்விகளைச் சொல்ல மாட்டார். நாலு வருஷம் பழகிய இன்னொரு ஊரின் குடிநீர் வாரிய இன்ஜினீயர் சொல்வார்: "நாங்க இந்த பம்ப்பை வாங்கி மாட்டிக்கிட்டோம், நீங்க வாங்காதீங்க." அந்த ஒரு வரியால் மிச்சமாகும் பணம் பல பயணங்களின் டிக்கெட் செலவைத் தாண்டும்.

எதிர்ப்பில் நியாயம் இருக்கு

சகோதர நகரம் என்றதும் மக்களுக்கு முதலில் தோன்றுவது என்ன? ஏர்போர்ட்டில் மாலையோடு நிற்கும் ஒரு குழு, பத்து நாள் பயணம், குடும்பத்தோடு போட்டோ. திரும்பி வந்தபின் ஒரு பக்க அறிக்கைகூட இல்லை. "ஆய்வுப் பயணம்" என்ற சொல்லுக்கே நம்ம ஊரில் கெட்ட பெயர் வந்துவிட்டது. இந்தச் சந்தேகத்தைத் தள்ளிவிட முடியாது. பயணம்தான் திட்டம் என்று ஆகிவிட்டால், திட்டம் செத்துப்போச்சு என்று அர்த்தம்.

இரண்டாவது, "எங்க தெருவுல வடிகால் வேலை முடியலை, இதுக்கு எதுக்குப் பணம்?" என்ற கேள்வி. வரி கட்டுபவர் கேட்க வேண்டிய கேள்விதான். பதிலைக் கீழே கணக்கோடு தருகிறோம்.

மூன்றாவது, அரசியல். ஜப்பானின் ஒசாகாவும் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவும் 1957 முதல் உறவு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய ராணுவத்தால் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கப்பட்ட பெண்களின் நினைவாக 2017-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சிலை வைக்கப்பட்டது. நகரம் அதை ஏற்றுக்கொண்டது. ஒசாகா மேயர் எதிர்ப்புத் தெரிவித்து, 2018-ல் அறுபது வருஷ உறவை முறித்தார். ஒரு மேயர் நினைத்தால் ஒரு கடிதத்தில் முடித்துவிடக்கூடிய அளவுக்குத்தான் இதன் பலம். அதனால்தான், உறவு மேயர் அறையில் மட்டும் இருக்கக் கூடாது. பள்ளி, ஆஸ்பத்திரி, குடிநீர் வாரியம் என்று பரவியிருக்க வேண்டும். அப்படிப் பரவியிருந்தால் முறிப்பவர் கொஞ்சம் யோசிப்பார்.

சென்னையில எங்கே இடிக்குது?

இந்திய நகரங்களுக்கு மூன்று தனிச் சிக்கல்கள் இருக்கின்றன.

ஒன்று, அதிகாரம். வெளிநாட்டு நகரத்தோடு ஒப்பந்தம் என்றால் மாநில அரசைத் தாண்டி மத்திய வெளியுறவு அமைச்சகம்வரை அனுமதி வேண்டும். அதிகாரிகளின் வெளிநாட்டுப் பயணத்துக்கும் அப்படியே. 2014-ல் வெளியுறவு அமைச்சகம் மாநிலங்களுக்கென்று ஒரு தனிப் பிரிவைத் தொடங்கியது. வழி கொஞ்சம் எளிதானது. ஆனாலும் டென்வர் மேயர் மாதிரி சென்னை மேயர் தானாக முடிவெடுக்க முடியாது.

இரண்டு, தொடர்ச்சி. 2016 அக்டோபரில் சென்னை மாமன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. ஐந்து வருஷத்துக்கு மேல் மேயரும் இல்லை, கவுன்சிலர்களும் இல்லை, அதிகாரிகள்தான் நிர்வகித்தார்கள். மேயருக்கும் மேயருக்கும் இடையே இருக்க வேண்டிய ஒரு உறவு, ஒரு பக்கத்தில் மேயரே இல்லாமல் எப்படி நடக்கும்? கமிஷனர்களும் மாற்றலாகிப் போய்விடுவார்கள். ஃபைல் மட்டும் இருக்கும். ஃபைலால் போன் எடுத்துப் பேச முடியாது.

மூன்று, பணம் வரும் வழி. "டென்வர் மாதிரி இங்கேயும் தன்னார்வக் குழு ஆரம்பித்தால் போதுமே?" என்று தோன்றும். டென்வர் குழு சென்னையில் ஒரு பள்ளிக்கு நூலகம் அமைக்கப் பணம் அனுப்ப நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கே வாங்கும் அமைப்புக்கு எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ் பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பணம் டெல்லியில் உள்ள குறிப்பிட்ட ஸ்டேட் பேங்க் கிளையில்தான் வந்து சேர வேண்டும். வாங்கிய அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. வார இறுதியில் கூடும் தன்னார்வலர்களால் இந்த வேலையைச் செய்வது கஷ்டம். ஆகவே டென்வர் மாடலை அப்படியே இறக்குமதி செய்ய முடியாது. சென்னைக்குப் பொருந்துவது, மாநகராட்சிக்குள் ஒரு சின்ன அலுவலகம், அதோடு சேர்ந்து வேலை செய்யும் உள்ளூர்க் குழுக்கள் என்ற கலவைதான்.

ஒரு உத்தேசக் கணக்கு

வருஷத்துக்கு ஒரு கோடி ரூபாய் ஒதுக்குவதாக வைத்துக்கொள்வோம். இது எங்கள் உத்தேசம்தான். அரசின் திட்டம் கிடையாது.

மூன்று ஊழியர்கள், மாதம் தலா ஒரு லட்சம்: 36 லட்சம்.
தொழில்நுட்பக் குழுப் பயணம் வருஷத்துக்கு இரண்டு, தலா ஐந்து பேர், ஆளுக்கு இரண்டரை லட்சம்: 25 லட்சம்.
மாநகராட்சிப் பள்ளி மாணவர் பரிமாற்றம்: 20 லட்சம்.
அங்கிருந்து வருபவர்களுக்கான ஏற்பாடு: 15 லட்சம்.
இணையதளம், ஆண்டறிக்கை: 4 லட்சம்.

சென்னை மாநகராட்சியின் ஆண்டு பட்ஜெட் நாலாயிரம் கோடி ரூபாயைத் தாண்டுகிறது. அதில் ஒரு கோடி என்றால், ஒவ்வொரு 100 ரூபாயிலும் இரண்டரை பைசாவுக்கும் குறைவு. 2011 கணக்கெடுப்பின்படி பார்த்தால் மாநகராட்சி எல்லைக்குள் 66 லட்சம் பேருக்கு மேல்; தலைக்குச் சுமார் ஒன்றரை ரூபாய். இந்தப் பணத்தை மிச்சம் பிடித்தால் உங்கள் தெரு வடிகால் முடிந்துவிடுமா என்றால், ஒரு தெருவுக்கு வேண்டுமானால் உதவும். 200 வார்டுகளுக்கு ஒன்றும் ஆகாது.

ஆனால் "கொஞ்சப் பணம்தானே" என்பது வாதமாகிவிடாது. கொஞ்சப் பணமும் வீணாகலாம். பல வீணான செலவுகள் இப்படிச் சின்னதாக இருப்பதால்தான் யாரும் கேள்வி கேட்பதில்லை. எனவே தொகை எவ்வளவு என்பதைவிட, என்ன நிபந்தனையோடு கொடுக்கிறோம் என்பது முக்கியம்.

"ஜூம் இருக்கே, ஃபிளைட் எதுக்கு?" என்பவர்களுக்கும் பாதி சரி என்றுதான் சொல்வோம். நமக்கு மாலை 7 மணி என்றால் சான் அன்டோனியோவில் அவர்களின் பருவத்தைப் பொறுத்துக் காலை 7.30 அல்லது 8.30. மாதம் ஒரு வீடியோ மீட்டிங் தாராளமாக நடத்தலாம். அது நடந்த பிறகு, நேரில் பார்த்தே ஆக வேண்டியதை மட்டும் பார்க்கப் போகலாம். மாதக் கூட்டமே நடத்தாத ஒரு குழு விமானம் ஏறத் தேவையில்லை.

என்ன செய்யலாம்?

1. புதிய ஒப்பந்தங்களை நிறுத்தி வைக்க வேண்டும். இருக்கும் உறவுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, உயிருள்ளவற்றை வளர்க்க வேண்டும். பேச எதுவும் இல்லாதவற்றை மரியாதையோடு முடித்துக்கொள்ளலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

2. ஒரு நகரம், ஒரு வேலை. சான் அன்டோனியோவோடு தண்ணீர். மற்ற நகரங்களோடு வேறு ஒன்று. "கல்வி, கலாசாரம், வணிகம், சுற்றுலா உள்ளிட்ட அனைத்துத் துறைகளிலும்" என்று எழுதினால் ஒரு துறையிலும் நடக்காது.

3. பட்ஜெட்டில் தனித் தலைப்பு. பயணச் செலவு மொத்தத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. பயணிகளில் பாதிப் பேராவது இன்ஜினீயர், டாக்டர், ஆசிரியர் என்று களத்தில் வேலை செய்பவர்களாக இருக்க வேண்டும்.

4. திரும்பி வந்த 30 நாளில் தமிழில் ஒரு அறிக்கை. என்ன பார்த்தோம், இங்கே எதைச் செய்யப் போகிறோம், எப்போது. மாநகராட்சி இணையதளத்தில் யாரும் படிக்கலாம்.

5. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாமன்றத்தில் விவாதமும் ஓட்டும். நீட்டிக்கக் காரணம் சொல்ல முடியவில்லை என்றால் நிதி தானாக நின்றுபோக வேண்டும்.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியையும் சேர்க்கலாம். கல்வி, பாரம்பரியக் கலை மாதிரியான தலைப்புகளுக்கு அந்த நிதியைச் செலவிட 2013 கம்பெனிகள் சட்டம் அனுமதிக்கிறது.  ஆனால் ஊழியர் சம்பளமும் அடிப்படைச் செலவும் பொதுப் பணத்திலிருந்துதான் வர வேண்டும். ஸ்பான்சர் யாரோ அவருக்கு ஏற்ற மாதிரி நகரத்தின் வெளிநாட்டு உறவு வளையக் கூடாது.

மாணவர் பரிமாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தனியார் இன்டர்நேஷனல் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு வெளிநாட்டுப் பயணம் புதிது இல்லை. மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் ஒரு பெண் பிள்ளைக்கு, டென்வரில் ஒரு குடும்பத்தோடு இரண்டு வாரம் தங்கிப் படிக்கக் கிடைக்கும் வாய்ப்பு வேறு எந்த வழியாகவும் வராது. 1948-ல் டென்வர் பள்ளிப் பிள்ளைகள் சில்லறை சேர்த்ததில் தொடங்கிய ஒரு பாரம்பரியத்தில், சென்னை மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஒரு இடம் வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை.

நீங்க என்ன செய்யலாம்?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் மாநகராட்சியிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். சென்னைக்கு இன்று நடைமுறையில் உள்ள சகோதர நகர ஒப்பந்தங்கள் எவை, அவற்றின் நகல் கிடைக்குமா? கடந்த ஐந்து நிதியாண்டுகளில் இவற்றுக்காக எந்தத் தலைப்பில் எவ்வளவு செலவானது? இப்போது இதற்குப் பொறுப்பான அதிகாரியின் பதவி என்ன?

மூன்றாவது கேள்விக்கு ஒரு தெளிவான பதில் வரும் நாளில், மேலே சொன்ன ஐந்தில் பாதி வேலை தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.